முகம் நீக்குதல்

முதலில் மூக்கைச் சீவும்.
பிறகு கன்னம், கண்குழி, உதடு.
இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ஸ்கேன்களைப்
பொதுவில் வைப்பதற்கு முந்தைய வாரம்
துரோன்ஹெய்மில் பனி விடாமல் கொட்டியது.
நிரல் ஓட ஓடத்
திரையில் ஒவ்வொருவராக முகமிழந்தார்கள்.
மூளை மட்டும் மிஞ்சியது,
யாருடையதாகவும் இல்லாமல்.

நாற்பத்தேழில் நிரல் தடுமாறியது.
அந்த மூக்கு அப்படி.
மூக்கோடு சேர்த்து நெற்றிமடலிலும்
ஒரு விள்ளல் எடுத்துவிட்டது.
அவரை நானே கையால் செதுக்கினேன்,
நூற்றெழுபத்தாறு அடுக்கு,
ஒரு சனிக்கிழமை முழுக்க,
ஆறிப்போன வாஃபிளைக் கடித்தபடி.

எனக்கு அவரை நினைவிருந்தது.
படகு எஞ்சின் மெக்கானிக், ஓய்வு பெற்றவர்.
குழாய்க்குள் படுத்துக்கொண்டு
காதைப் பிளக்கும் அந்த இரைச்சலில்
"பேரிங் போய்விட்டது, கிரீஸ் வையுங்கள்" என்றார்.
ஒப்புதல் படிவத்தில்
'உலகில் யாரும் பயன்படுத்தலாம்' என்ற வரியில்
பேனா நின்றது.
"யாருமா? ஸ்வீடன்காரர்கள்கூடவா?"
பெருமூச்சு விட்டுக் கையெழுத்திட்டார்.

மூன்று குளிர்காலம் கழித்து
மொண்டேவிடியோவிலிருந்து ஒரு கடிதம்.
எலியானா பெந்தாங்கோர், ஆய்வு மாணவி.
ஸ்கேனர் நேரம் வாங்க எங்களிடம் பணமில்லை,
உங்கள் தரவில்தான் படிக்கிறேன் என்று தொடங்கி,
மன்னிப்புக் கேட்டு,
மறுபடியும் மன்னிப்புக் கேட்டு,
நான்காம் பத்தியில்தான் விஷயத்துக்கு வந்தாள்:

நாற்பத்தேழின் பொட்டில் ஏதோ வெள்ளையாக,
மொச்சை அளவில்.
கட்டியோ என்று பயந்துவிட்டேன்.
பிறகு புரிந்தது, மீனெண்ணெய் மாத்திரை.
வலது பொட்டில் ஒட்டுவோம் என்று
உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.
அது ஏன் இடப்பக்கம் இருக்கிறது?

மற்ற இருநூற்றுப் பதினோரு மாத்திரைகளையும்
முகத்தோடு வழித்தெடுத்திருந்தது நிரல்.
என் கை விட்டுவைத்தது
ஒன்றே ஒன்றை.

கோப்பை மாற்றும் இடத்தில் ஒரு கழித்தல் குறி.
போட்டவள் நான்.
மூன்று ஆண்டுகளாக இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
வலது இடது, இடது வலது.

பெயர்கள் நினைவுக்கு வரும்போது
இடப்பக்கம் ஒளிர்கிறது என்பது என் கண்டுபிடிப்பு.
அதைச் சொல்லித்தான் கிடைத்தது இந்த மேசை,
இந்த ஜன்னல், ஆற்றின் இந்தத் துண்டு.

பக்கத்து அறை ஸ்டைனார் எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"முதலிலிருந்தே வலதைத்தான் எதிர்பார்த்தோம்
என்று எழுதிவிடேன். அதுவும் நல்ல கதைதான்."

எழுதியிருப்பேன்.

ஆனால் முதல் ஆளைக் குழாய்க்குள் அனுப்பும் முன்பே
என் யூகத்தைப் பொதுப்பதிவில் போட்டுப் பூட்டியிருந்தேன்:
இடது. தேதியோடு, நேரத்தோடு.
வெறும் சம்பிரதாயம் என்றுதான் அன்று நினைத்தேன்.

அன்றிரவு குறியைத் திருத்தி ஓட்டினேன்.
பனி வாரும் வண்டி இரண்டு முறை போனது.
இடப்பக்கம் அணைந்திருந்தது.
வலப்பக்கம் எதற்கோ எரிந்துகொண்டிருந்தது,
என்னிடம் காரணம் கேட்காமல்.

காலையில் இரண்டாம் பதிப்பை ஏற்றினேன்.
'என்ன மாறியது' என்ற கட்டத்தில்:
வலமும் இடமும் மாறியிருந்தன.
என் பிழை.
கண்டவர் எ. பெந்தாங்கோர்.
சொன்ன முடிவு நிற்கவில்லை.
நான்கு வாக்கியம். மதியமாகிவிட்டது.

எலியானா பதில் போட்டாள்:
நாற்பத்தேழு யார்?
அவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் திறந்து வைத்தவள் நான்,
மூலக்கோப்பு, நிரல், குறிப்பேடு,
இப்போது என் அவமானமும்.
அவள் கேட்டது இது ஒன்று.
இதற்குத்தான் பூட்டு.

படகு என்றா சொன்னேன் மேலே?
ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
மூக்கும் அப்படியொன்றும் பெரிதில்லை.
ஸ்வீடன்காரர்கள் பற்றிச் சொன்னது மட்டும் நிஜம்.
அதை இந்த நாட்டில்
யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.